கொட்டாரச் சம்பா காணாமல் போன கதை

மன்னார்குடிப் பக்கத்து விவசாயிகள் விதைநெல் கைமாற்றிக்கொள்ள ஒரு சின்ன மென்பொருள் எழுதினேன். முதல் வாரமே பெரியவர் ஒருவர் போன் செய்தார். "தம்பி, நான் போட்ட கொட்டாரச் சம்பா தேடினா வரலையே, கம்ப்யூட்டர் முழுங்கிடுச்சா?"

அந்த நெல் ரகம் பட்டியலில் இருந்தது; தேடலில்தான் இல்லை. அவர் அடித்ததையும் நான் அடித்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசல் ஒன்றே. எழுத்துகளுக்காகக் கம்ப்யூட்டர் உள்ளே வைக்கும் குறிகளை எண்ணினால் என்னுடையது 15, அவருடையது 16! அவர் கீபோர்டு 'கொ'வின் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேமித்திருக்கிறது. என்னுடையது இரண்டையும் ஒரே குறியாக. சேமிக்கும்போதும் தேடும்போதும் யூனிகோடின் (எழுத்துகளுக்குக் குறி தரும் பொதுத் தரம்) என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவத்துக்கு, மாற்றினேன். ஒரே வரி. பழைய பதிவுகளையும் ஒருமுறை அதில் ஓட்டி எடுத்தேன்.

கருப்புக் கவுனி அவ்வளவு லேசில் அடங்கவில்லை. கவுனி, கவுணி, கௌனி என்று ஆளுக்கொரு எழுத்து. குறுவை நடவு முடிந்த ஒரு சாயங்காலம், டீக்கடை பெஞ்சில் நாலு பேர் மாற்றுப் பெயர்களைச் சொல்லச் சொல்லத் தட்டினேன். (டீ என் கணக்கு.) மாப்பிள்ளைச் சம்பாவுக்கு நடுவில் 'ச்' போட்டே ஆகணும் என்று ஒரு அக்கா மட்டும் விடாப்பிடி. போட்டேன், அது இல்லாமல் தேடினாலும் இப்போது கிடைக்கிறது.