காரைக்குடியில் பழம்பொருள் வாங்கப் போகிறீர்களா? முதல் தடவைக்கு ஒரு வழி

பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் முதல் ஒரு மணி நேரம் எதையும் வாங்காதீர்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துக்கொண்டே நடங்கள். ஒரே மாதிரி எனாமல் தூக்குக்குக் கடைக்குக் கடை விலை மாறும். அதைக் காதில் வாங்கிக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்து, பொருளைக் கவிழ்த்துப் பாருங்கள். எனாமல் சாமானின் அடியில் ஸ்வீடன் போன்ற நாட்டின் பெயரோ கம்பெனி முத்திரையோ இருக்கும். ஓரத்தில் பூச்சு உதிர்ந்து துரு தெரிந்தால் அலங்காரத்துக்கு வைக்கலாம், சாப்பாட்டுக்கு வேண்டாம். மரப்பெட்டி என்றால் முன்பக்க மெருகில் மயங்க வேண்டாம். இழுப்பறையை வெளியே எடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். வார்னிஷ் வாடை அடித்தாலோ, திருகாணியின் தலையில் கூட்டல் குறி போல வெட்டு இருந்தாலோ, பிற்காலத்தில் அதில் கை வைத்திருக்கிறார்கள். "எதை மாத்தியிருக்கீங்கண்ணே?" என்று நேராகவே கேளுங்கள். எனக்குத் தெரிந்து பலர் மறைக்காமல் சொல்வார்கள்.

பித்தளை, செம்புப் பாத்திரங்களில் கழுத்தோரமாக விரலை ஓட்டுங்கள். சில எழுத்துகள் தட்டுப்படும். அது வீட்டு விலாசம், அதாவது குடும்பத்தின் தலைப்பெழுத்துகள். யாரோ ஓர் ஆச்சிக்குச் சீராக வந்த பாத்திரம் அது. நான் வாங்கும்போது அந்த எழுத்து தேயாத பாத்திரமாகத்தான் தேடுவேன். தயவுசெய்து அதை ராவி எடுத்துவிடாதீர்கள். புளி போட்டுத் தேய்த்தாலே போதும், பளபளக்கும். சமைப்பதாக இருந்தால் மட்டும் உள்ளே வெள்ளீயம் பூசிக்கொள்ளுங்கள்.

விலை பேசும்போது ஒன்றுக்குப் பதில் இரண்டு மூன்றாக எடுத்தால் குறைப்பார்கள். சரி, வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்கு வாங்குகிறீர்களா? 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூறு வயதைத் தாண்டிய கலைப்பொருள்களைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. அவருக்குக் கண்டாங்கிச் சேலையோ பனையோலையில் பின்னிய கொட்டான் கூடையோ வாங்கி அனுப்புங்கள். இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை. கண்டாங்கிக்கு 2019இல் கிடைத்தது.

அப்புறம், வீட்டிலிருந்தே இரண்டு பழைய வேட்டியும் கொஞ்சம் சணல் கயிறும் கொண்டுபோங்கள். கண்ணாடிச் சாமானைத் துணியில் சுற்றி, செம்புக்குள் வைத்துக் கட்டினால் பஸ் குலுக்கலுக்கும் தாங்கும்.