குளிர்பானை ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவருவது எப்படி?

முதலில் அறிவியல், பிறகு வடிவமைப்பு, கடைசியில் விற்பனை என்று வரிசை கட்டினால் பணமும் காலமும் வீணாகும். மூன்றையும் முதல் வாரத்திலேயே சேர்த்துத் தொடங்குங்கள். பானைக்குள் பானை வைத்து, நடுவே ஈரமணல் நிரப்பிக் காய்கறியைக் காக்கும் மின்சாரமில்லாக் குளிர்பானையை எடுத்துக்கொள்வோம்.

இயற்பியல் எங்கே கைவிடும் என்று பாருங்கள். மணலின் நீர் வெளிப்பானை வழியே கசிந்து ஆவியாவதால்தான் பானை குளிர்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை இழுக்கும். ஆனால் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காற்றோட்டத்தில் காட்டும் அளவுக்குக் கீழே, பானை குளிராது. 35 டிகிரி செல்சியஸில், காற்றின் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் அந்த எல்லை சுமார் 19 டிகிரி. 80 சதவீதம் என்றால் 32. புழுக்கமான ஊரில் இதை விற்கவே கூடாது. சந்தையைத் தீர்மானிப்பது இங்கே அறிவியல்தான்.

அடுத்து, ஐந்து மாதிரிகளை ஐந்து வீடுகளில் இரண்டு வாரம் விட்டுவையுங்கள். "பிடித்திருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், முகத்துக்காக ஆமாம் என்பார்கள். மணலில் விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுவது சிரமமாக இருக்கிறது என்று பொருள். மணல் இடைவெளியின் வாயை அகலமாக்குங்கள். வெளிப்புறத்துக்குப் பெயின்ட் அடித்து அழகாக்கும் ஆசை வரும். வேண்டாம், நுண்துளை அடைபட்டு ஆவியாதல் நின்றுவிடும்.

பிறகு முன்பணம் கேளுங்கள். பாராட்டியவர்களில் எத்தனை பேர் தருகிறார்கள் என்பதே உண்மையான தேவை. விலையில் உடைப்பையும் சேருங்கள்: பத்தில் ஒன்று வழியில் உடைந்தால் மற்ற ஒன்பதும் அந்தச் செலவைச் சுமக்கும். உடைப்பைக் குறைக்கச் சுவரைத் தடிமனாக்கினால் நீர் கசிவதும் அதனால் குளிர்ச்சியும் குறையலாம். அப்போது வெப்பமானியோடு மறுபடி முதல் படிக்கே போங்கள்.