டோங்கா பிரதமர் ஒருவரின் அரசியல் வாழ்க்கைக்கு நோட்ஸ் எடுப்பது எப்படி

டெல்லியில் ராஜேந்தர் நகர், முகர்ஜி நகர் பக்கம் அறை எடுத்துத் தங்கி ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கிற நம் பிள்ளைகளில் பொலிட்டிக்கல் சயன்ஸை ஆப்ஷனலாக (விருப்பப் பாடமாக) எடுத்தவர்கள்கூட, பசிபிக் தீவுகள் என்றால் ஃபிஜியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தியா–பசிபிக் தீவுகள் ஒத்துழைப்பு மன்றத்தில் 14 தீவு நாடுகள் இருக்கின்றன, டோங்காவும் அதில் ஒன்று. சுமார் 1 லட்சம் பேர் வாழும் நாடு, பசிபிக்கில் இன்னும் மன்னராட்சி நடக்கிற இடம். அதைப் புரிந்துகொள்ள 2014 முதல் 2019 வரை அங்கே பிரதமராக இருந்த அகிலிசி போஹிவா என்ற ஒரே மனிதரைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் உறுதியான கருத்து.

பிறந்தார், படித்தார் என்று ஆரம்பிக்காதீர்கள். தாளின் தலையில் முதலில் இதை எழுதுங்கள்: டோங்கா சட்டமன்றத்தில் 26 இடங்கள், மக்கள் பிரதிநிதிகள் 17, பிரபுக்கள் 9. அந்த ஒன்பது பேரைத் தேர்ந்தெடுப்பது மக்கள் அல்ல, பரம்பரைப் பட்டம் உள்ள 30 சொச்சம் பிரபுக்கள். இது 2010-ல் வந்த கணக்கு. அதற்கு முன்னால் மக்களுக்கு 9 இடம்தான், பிரதமரையும் அமைச்சர்களையும் மன்னரே நியமிப்பார். ஆக 1987-ல் போஹிவா முதல்முறை ஜெயித்து உள்ளே போனபோது, எத்தனை தேர்தல் ஜெயித்தாலும் ஓட்டு பலத்தால் பிரதமர் நாற்காலிக்கு வர வழியே கிடையாது. இது புரியாமல் மீதியைப் படித்தால் வெறும் தேதிகள்தான் மிஞ்சும்.

அப்புறம் ஆளுக்கு வாருங்கள். அவர் ஆசிரியர். ரேடியோவில் அரசாங்கத்தைக் கேள்வி கேட்டதற்காக 1980-களின் நடுவில் வேலை போனது, வழக்குப் போட்டு ஜெயித்தார். 'கெலேயா' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1996-ல் சட்டமன்றத்தை அவமதித்தார் என்று இரண்டு பத்திரிகையாளர்களோடு சேர்த்து 30 நாள் சிறைத் தண்டனை கொடுத்தார்கள், அது முடியுமுன்பே உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 2006 நவம்பர் கலவரத்தில் தலைநகர் நுகுவலோபாவின் மையப்பகுதி எரிந்து 8 பேர் இறந்தார்கள். அதையொட்டி அவர் மேல் தேசத்துரோக வழக்கு வந்தது, பின்னர் தள்ளுபடியானது. இவ்வளவுக்கும் நோட்ஸில் ஐந்து வரி போதும்.

நேரத்தை 2010-க்கு ஒதுக்குங்கள், விஷயமே அங்கேதான். அவருடைய கட்சி மக்கள் இடங்கள் 17-ல் 12-ஐப் பிடித்தது. நம் ஊர்ப் பழக்கத்தில் ஆட்சி அமைத்துவிட்டார்கள் என்று எழுதிவிடுவோம். ஆனால் பிரபுக்கள் ஒன்பது பேரும் மீதி ஐந்து மக்கள் பிரதிநிதிகளும் ஒரு பக்கம் சேர்ந்தார்கள், 14-க்கு 12 என்று லார்ட் துயிவகானோ பிரதமரானார். அவர் கொடுத்த சுகாதார அமைச்சர் பதவியை ஏற்ற போஹிவா, 2011 ஜனவரியிலேயே விலகிவிட்டார். ஒவ்வொரு தேர்தலுக்கும் இதே மாதிரி 'வென்ற இடம்' ஒரு கட்டத்திலும் 'சட்டமன்றத்தில் விழுந்த ஓட்டு' பக்கத்துக் கட்டத்திலும் எழுதுங்கள். 2014 டிசம்பரில் அந்த இரண்டாவது கட்டம் 15–11, சட்டமன்ற ஓட்டில் பிரதமரான முதல் சாமானியர் அவர்தான். அதற்கு முன்பு ஃபெலெட்டி செவெலே என்ற சாமானியரும் பிரதமராக இருந்திருக்கிறார், ஆனால் அவரை அமர்த்தியது மன்னர். இந்த வித்தியாசத்தை அடிக்கோடு போட்டு வையுங்கள்.

டெல்லியில் இருக்கிறவர்களுக்கு அடுத்த பகுதி சட்டெனப் பிடிபடும்: இங்கே முதலமைச்சரை மக்கள் தேர்ந்தெடுத்தாலும் போலீஸும் நிலமும் அவர் கையில் இல்லை. அங்கேயும் பிரதமரான பிறகு எல்லாம் கைக்கு வந்துவிடவில்லை, சட்டமன்றத்தைக் கலைக்கிற அதிகாரம் மன்னரிடமே இருந்தது. 2017 ஆகஸ்டில் ஆறாம் டுபோ மன்னர் கலைத்தார். அதற்கு ஆலோசனை சொன்ன சபாநாயகர் யார் தெரியுமா, அதே துயிவகானோ! நவம்பரில் தேர்தல் நடந்தது, போஹிவா கட்சி 14 இடங்களோடு முன்பைவிடப் பலமாகத் திரும்பி வந்தது. மன்னர் கலைத்த சபையை மக்கள் பதிலுக்கு இப்படி நிரப்பியதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

அதற்காக அவரைத் தெய்வமாக்கி எழுத வேண்டாம். பத்திரிகை நடத்திச் சிறைக்குப் போனவர், பிரதமரானதும் அரசு ஒலிபரப்பு நிறுவனத்தோடு மோதினார். 2019 பசிபிக் விளையாட்டுப் போட்டியை நடத்தச் செலவு தாங்காது என்று அவருடைய அரசு 2017-ல் பின்வாங்கியது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை ஏற்க 2015-ல் எடுத்த முயற்சி எதிர்ப்பில் நின்றுபோனது. மெயின்ஸ் (முதன்மைத் தேர்வு) விடைக்கு எடை தருவது இந்தப் பகுதிதான், சுருக்காதீர்கள்.

பெயர்களில் ரொம்பக் கவனம் வேண்டும். 2019 செப்டம்பர் 12-ல் போஹிவா ஆக்லாந்தில் இறந்தபின் வந்த பிரதமர் போஹிவா துயியோனெடோவா, வேறு ஆள், இவருடைய நிதியமைச்சர். 2000 முதல் 2006 வரை பிரதமராக இருந்த இளவரசர் உலுகாலாலா லவாகா அடாவும் இன்றைய ஆறாம் டுபோ மன்னரும் ஒருவரே. துயிவகானோ என்பதும் பட்டம்தான், தலைமுறைக்குத் தலைமுறை வேறு ஆளிடம் போகும், அதனால் பக்கத்தில் ஆண்டைக் குறிக்காமல் விடாதீர்கள்.

கடைசியாகத் தேதி. டோங்கா நமக்கு ஏழரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அங்கே காலை பத்து மணிக்கு ஓட்டெடுப்பு என்றால் இங்கே இரவு இரண்டரை. ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு தேதிகள் கண்ணில் பட்டால் டோங்கா தேதியையே எழுதுங்கள்.