பதற்ற மாத்திரை: கலப்பதும் திடீரென்று நிறுத்துவதும்

அல்பிரசோலம், லோராசெபம், டயசெபம், குளோனசெபம். டாக்டர் கொடுத்த பொட்டலத்தின் மேல் இந்த நான்கில் ஒரு பெயர் இருந்தால் இதை முழுக்கப் படியுங்கள். சனாக்ஸ், ஆத்திவான், வேலியம், ரிவோட்ரில் என்று வருபவையும் இவையேதான். நான்கும் பென்சோடயசெபைன் என்ற ஒரே குடும்பம். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற இயற்கைப் பொருளின் வேலையை இவை கூட்டிவிடுகின்றன. அதனால் படபடப்பு தணிகிறது, தசை இறுக்கம் விடுகிறது, தூக்கம் வருகிறது.

முறையாக எடுத்தால் இது நல்ல மருந்து. சொன்ன அளவில், குறைந்த நாளுக்கு, வேறு எதோடும் சேர்க்காமல் எடுப்பவருக்கு உயிராபத்து மிக அரிது. கேடு இரண்டு வழியாகத்தான் பெரும்பாலும் வருகிறது: இதோடு இன்னொன்றைக் கலப்பது, பல வாரம் எடுத்துவிட்டு ஒரே நாளில் நிறுத்துவது. மலேசியாவில் கெடா மாநிலத்தின் கூலிம், லுனாஸ், பாடாங் செராய் பக்கத்துத் தோட்டப்புறங்களில் இந்த இரண்டுக்குமே வாய்ப்பு அதிகம். கிளினிக் தூரம், பஸ் குறைவு, வீட்டில் கேட்பார்களே என்ற கூச்சம் வேறு.

மாத்திரை தீர்ந்ததும் நின்றுபோவது

வேண்டுமென்றே நிறுத்துபவர்கள் குறைவு. தீர்ந்துபோவதுதான் வழக்கம். வியாழன் இரவு கடைசி மாத்திரை. கெடாவில் வெள்ளி, சனி வார விடுமுறை. ஞாயிறு தீபாவளி விடுமுறையாக அமைந்தால் இன்னொரு நாள் தள்ளும். இதற்குள் உடம்பு ஆடத் தொடங்கிவிடும்.

சில வாரம் தொடர்ந்து எடுத்தால் மூளை இந்த மருந்தை எதிர்பார்த்துப் பழகிவிடுகிறது. திடீரென்று அது இல்லாமல் போகும்போது அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பும்: கை நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, தூக்கமே இல்லாத இரவு, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது. கடுமையானால் வலிப்பு வரும். வலிப்பில் உயிரும் போகலாம். அல்பிரசோலமும் லோராசெபமும் உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறுவதால் ஓரிரு நாளிலேயே இது ஆரம்பித்துவிடும். டயசெபம் மெல்ல வெளியேறும். நிறுத்தி ஒரு வாரம் கழித்துக்கூட அறிகுறி தொடங்கலாம். அதனால் பலர் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. ‘நோய் திரும்பிவிட்டது’ என்று நினைக்கிறார்கள், அல்லது காத்துக் கருப்பு என்று மந்திரிக்கப் போகிறார்கள். கோயிலுக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை. போவதற்கு முன் மாத்திரைப் பட்டையை எடுத்து, கடைசியாக எப்போது போட்டது என்று பாருங்கள்.

வழி எளியது. பட்டையில் ஏழு நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்த சீட்டுக்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும். கவர்மெண்டு கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட்தான். தைப்பூசத்துக்கோ கல்யாணத்துக்கோ வெளியூர் போவதாக இருந்தால் நாட்களை எண்ணிப் பார்த்து, இரண்டு நாள் கூடுதலாக எடுத்துப் போங்கள். பட்டையைத் தனித்தனியாக வெட்டாமல், பெயர் ஒட்டிய கிளினிக் பையோடு கொண்டு போங்கள். வழியில் போலீஸ் கேட்டாலும், வேலையிடத்தில் சிறுநீர்ச் சோதனை வைத்தாலும் உங்களைக் காப்பது அந்த ஒட்டுத்தாள்தான். இவை நச்சுப் பொருள் சட்டம் 1952-இன் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள்.

நிறுத்த முடிவு செய்தால் படிப்படியாகத்தான். அப்போதைய அளவில் பத்தில் ஒரு பங்கு முதல் எட்டில் ஒரு பங்கு வரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறைப்பது பல டாக்டர்கள் பின்பற்றும் கணக்கு. இரவில் 10 மில்லிகிராம் டயசெபம் எடுப்பவருக்கு அடுத்த படி 9: அதாவது 5 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, 2 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. அதற்கடுத்த படி 8: அதாவது 2 நான்கு. பிறகு 7: 5 ஒன்று, 2 ஒன்று. இப்படி மாதக்கணக்கில் ஆகலாம். கடைசிப் படிகள்தான் கடினம்; அங்கே இன்னும் மெதுவாகப் போக வேண்டும். அல்பிரசோலம் எடுப்பவரை டாக்டர் முதலில் டயசெபத்துக்கு மாற்றிவிட்டுக் குறைப்பதும் உண்டு. இந்தக் கணக்கை வீட்டில் நீங்களே போட வேண்டாம். ‘எனக்குக் குறைக்க வேண்டும், அட்டவணை எழுதித் தாருங்கள்’ என்று கேளுங்கள். எப்போதாவது ஒன்றிரண்டு மாத்திரை மட்டும் எடுத்தவருக்கு இதெல்லாம் பொதுவாகத் தேவைப்படாது.

‘அரைதானே’ என்று நினைப்பது

வீட்டுக்கு வீடு மாத்திரை மாறும்போது நடக்கும் தவறு இது. ‘அண்ணிக்கு 5 கொடுத்திருக்கிறார்கள், எனக்கு வெறும் 0.5, என்னுடையது லேசானது’ என்பார்கள். உண்மை நேர்மாறு. 0.5 மில்லிகிராம் அல்பிரசோலம் ஏறத்தாழ 10 மில்லிகிராம் டயசெபத்துக்குச் சமம். குளோனசெபமும் கிட்டத்தட்ட அதே பலம். லோராசெபம் 1 மில்லிகிராம் என்றால் அதுவும் 10 மில்லிகிராம் டயசெபத்துக்கு ஈடு. ஆக அந்த ‘வெறும் 0.5’ அண்ணியின் மாத்திரையைப்போல் இரண்டு மடங்கு. எண்ணை மட்டும் பார்த்து ஒருவருடையதை இன்னொருவர் போடக்கூடாது. அடுத்தவர் மருந்தைக் கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படியும் குற்றம்.

சில தனியார் கிளினிக்குகளில் மாத்திரை சின்ன பிளாஸ்டிக் பையில், பெயரில்லாமல் வரும். அப்படியே வாங்கிக்கொண்டு வராதீர்கள். மருந்தின் பெயர், மில்லிகிராம், எத்தனை வேளை என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். இது கெஞ்சிக் கேட்கும் விஷயம் இல்லை, உங்கள் உரிமை.

கலப்பது

இந்த மருந்து தனியாக இருக்கும்போது மூச்சை அவ்வளவாகத் தொடாது. மூச்சை மந்தப்படுத்தும் இன்னொன்று சேரும்போது இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். தூக்கத்தில் மூச்சு மெல்ல மெல்லக் குறையும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு குறட்டைதான் கேட்கும்.

முதலாவது மது. பீர், கள்ளு, சம்சு எல்லாம் ஒன்றுதான். ‘காலையில் மாத்திரை, ராத்திரி தண்ணி, இடையில் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறதே’ என்ற கணக்கு செல்லாது. அல்பிரசோலம் பாதியாகக் குறையவே சுமார் 11 மணி நேரம் ஆகும். டயசெபத்துக்கு இரண்டு நாள் வரை ஆகலாம். அது உடம்பில் உடைந்து உண்டாக்கும் பொருள் அதைவிடவும் நீண்ட நேரம் தங்கும். சரக்கு அடிக்கும் பழக்கம் உள்ளவர் அதை டாக்டரிடம் மறைப்பது எல்லாத் தவறிலும் மோசமானது. தினமும் குடித்தவர் திடீரென்று குடியை நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். டாக்டருக்குத் தெரிந்தால்தான் அதற்கும் சேர்த்துத் திட்டமிட முடியும்.

இரண்டாவது கெத்தும் தண்ணி. இந்த வடக்குப் பகுதியில் உடல் வலிக்கும் அசதிக்கும் இலையை வேகவைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். இலையிலுள்ள மித்ராகைனின் மூளையில் ஓபியம் வகை மருந்துகள் பிடிக்கும் அதே இடத்தைத்தான் பிடிக்கிறது. ‘இலைதானே, மருந்து இல்லையே’ என்று சொல்லி இதைப் பட்டியலில் சேர்க்காமல் விடுகிறார்கள். சேருங்கள்.

மூன்றாவது, வலிக்கும் இருமலுக்கும் வாங்குவது. டிராமடால், கோடீன் உள்ள இருமல் மருந்து இரண்டும் ஓபியம் வகை. பென்சோடயசெபைனோடு இவற்றைச் சேர்ப்பதைப் பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்.டி.ஏ. 2016-இல் பெட்டி கட்டிய கடும் எச்சரிக்கை போட வைத்தது. சளிக்கு எடுக்கும் பிரிட்டோன், தூக்கம் வரவைக்கும் இருமல் சிரப் ஆகியவை அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் மயக்கத்தைக் கூட்டும். முதுகு வலிக்கு ஒரு கிளினிக், பதற்றத்துக்கு இன்னொரு கிளினிக் என்று போகும்போது இரண்டாவது டாக்டருக்கு முதலாவது மாத்திரை தெரியாது. பட்டையைக் கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள்.

இன்னொன்றை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஈரத்திலும் வியர்வையிலும் வேலை செய்பவர்களுக்குப் படை வந்து, இட்ரகோனசோல் மாத்திரை கொடுக்கப்படும். அது கல்லீரலில் அல்பிரசோலத்தை உடைக்கும் நொதியை அடைத்துவிடுகிறது. ரத்தத்தில் மருந்து இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிடும். நீங்கள் ஒரு மாத்திரைதான் போட்டிருப்பீர்கள். உடம்புக்கு இரண்டு, மூன்று போட்டது போல. இந்த இரண்டும் சேரவே கூடாது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் என்ற கிருமிக் கொல்லிகளும் ஓரளவு இதையே செய்யும். படைக்குத் தடவும் களிம்புக்கு இந்தப் பயம் தேவையில்லை.

பாசார் மாலாமில் விற்கும் ‘தூக்கத்துக்கு மூலிகை’ பாட்டிலில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றை இந்த மாத்திரையோடு சேர்ப்பது சூதாட்டம்.

கேட்கவில்லை என்று இன்னொன்று போடுவது

வாயில் போட்ட அல்பிரசோலம் ரத்தத்தில் உச்சத்துக்கு வர 1 முதல் 2 மணி நேரம் ஆகும். இருபது நிமிடத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று இரண்டாவதைப் போட்டால், முதலாவதும் இரண்டாவதும் சேர்ந்து பிறகு ஏறும். ஒட்டுத்தாளில் ‘பிலா பெர்லு’ என்று இருந்தால் தேவைப்படும்போது மட்டும் என்று பொருள். ஆனால் எத்தனை தடவை வரை? இதைக் கேட்காமல் கவுண்டரை விட்டு நகரக்கூடாது: ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை, வாரத்தில் எத்தனை நாள், இரண்டு மாத்திரைக்கு இடையே எத்தனை மணி நேரம். மூன்று பதிலையும் பையின் மேலேயே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். வேளை தவறிவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடாதீர்கள்.

மெதுவான மாத்திரையைத் தூக்கிப்போடுவது

நீண்ட காலக் கேட்டுக்கு இதுதான் வேர் என்று நாங்கள் கருதுகிறோம். பதற்ற நோய்க்கு டாக்டர் பலருக்கு இரண்டு மாத்திரை எழுதுவார். ஒன்று செர்ட்ராலின் அல்லது எஸ்சிட்டலோபிராம் போன்றது. நோயைக் குறைப்பது அதுதான். ஆனால் அது வேலை செய்ய 2 முதல் 6 வாரம் எடுக்கும். முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் சற்றுக் கூடுவதுகூட உண்டு. அந்த இடைவெளியைத் தாண்டத்தான் இந்த அமைதி மாத்திரை; பொதுவாக 2 முதல் 4 வாரத்துக்கு. நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? ‘அந்த மாத்திரை கேட்கவே இல்லை, இதுதான் கேட்கிறது’ என்று முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொள்கிறார்கள். நோய் அப்படியே இருக்கும். அமைதி மாத்திரைக்கு உடம்பு பழகி, அதே அளவு போதாமல் போகும். இரண்டு வருடம் கழித்து அதை விடவும் முடியாது, அதனால் பயனும் இருக்காது. எது தினமும் எடுக்க வேண்டியது, எது கொஞ்ச நாளுக்கு என்று முதல் நாளே கேட்டு, இரண்டு பட்டையிலும் வேறு வேறு நிற மையில் குறியிடுங்கள். பேசிப் பயிற்சி தரும் மனநல ஆலோசனையும் பதற்றத்துக்கு நல்ல மருத்துவம்தான்; அதற்கும் பரிந்துரை கேட்கலாம்.

விடியற்காலை பெரட்டு

இரவு 10 மணிக்குப் போட்ட அல்பிரசோலத்தில் பாதிக்கு மேல் விடியற்காலை 5 மணிக்கு இன்னும் ரத்தத்தில் இருக்கும். அந்த நேரத்தில்தான் இருட்டில் மோட்டார்சைக்கிள் எடுத்துப் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகிறார்கள், பால் வெட்டும் கத்தியைப் பிடிக்கிறார்கள், உயரத்துச் செம்பனைக் குலையை அண்ணாந்து பார்த்து அறுக்கிறார்கள். ‘எனக்குத் தூக்கக் கலக்கமே இல்லை’ என்று சொல்பவருக்கும் கண்–கை ஒத்துழைப்பு மந்தப்பட்டிருக்கும். அவருக்கே அது தெரியாது என்பதுதான் சிக்கல். முதல் மாத்திரையை மறுநாள் வேலை இல்லாத இரவில் தொடங்குங்கள். அளவு கூட்டப்பட்ட நாட்களிலும் அப்படியே. வேலை நேரத்தை டாக்டரிடம் மணிக்கணக்காகச் சொல்லுங்கள். ‘தோட்ட வேலை’ என்று மட்டும் சொன்னால் அவர் காலை எட்டு மணிக்குத் தொடங்கும் வேலை என்று நினைத்துவிடுவார். சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987 குடித்துவிட்டு ஓட்டுவதை மட்டும் பார்ப்பதில்லை. கட்டுப்பாட்டை இழக்கவைக்கும் மருந்தையும் சேர்த்தே பார்க்கிறது.

வயதானவர்கள், கர்ப்பிணிகள்

65 வயதுக்கு மேல் இந்த மருந்து மெதுவாக வெளியேறும், பலமாகத் தாக்கும். ராத்திரி எழுந்து பின்கட்டுக் கழிவறைக்குப் போகும்போது கால் தடுமாறி இடுப்பு எலும்பு முறிவது இதன் பெரிய கேடு. பாட்டிக்குப் புதிதாக மறதி, உளறல் என்றால் வயதின் மேல் பழி போடுமுன் மருந்தைக் காட்டுங்கள். தூக்கத்தில் மூச்சடைப்பு, நீண்டநாள் நுரையீரல் நோய், கல்லீரல் நோய் உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். கர்ப்பம் தெரிந்த உடனே பயந்து நிறுத்திவிடாதீர்கள். அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

அளவு மீறிப் போட்டுவிட்டால்

எழுப்பினால் எழுந்திருக்கவில்லை, மூச்சு மெதுவாக அல்லது விட்டுவிட்டு வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் உடனே 999. மோர், புளித்தண்ணி, காப்பி எதையும் வாயில் ஊற்றாதீர்கள். வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். மயக்கத்தில் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து, பக்கத்திலேயே இருங்கள். காலிப் பட்டைகளையும், குடித்த பாட்டிலையும் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். ஆள் விழிப்பாக இருக்கிறார், என்ன செய்வது என்று தெரியவில்லை என்றால் பினாங்கிலுள்ள தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 என்ற எண்ணில் கேட்கலாம்.

வேண்டுமென்றே போட்டதாக இருந்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டில் மறைத்து வைக்காதீர்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. டாக்டரிடம் எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு, கூட என்ன குடித்தார் என்பதை அப்படியே சொல்லுங்கள். மனம் தாங்காத நேரத்தில் பேச சுகாதார அமைச்சின் 15555 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் மாத்திரையை இன்னொருவர் பூட்டி வைத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் எண்ணிக் கொடுப்பது நல்லது. மிச்சம் கிடப்பதைச் சேர்த்து வைக்காமல் கவர்மெண்டு மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.