முதன்முறை காலம் (column) குரோமடோகிராபி: ஃபெரோசீன் கலவையைப் பிரிப்பது எப்படி?

கரிம வேதியியல் ஆய்வகத்தில் புராஜெக்ட் தொடங்கியதும் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை காலம் போடுவது, அதாவது சிலிகாத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாய் வழியாகக் கலவையைக் கரைப்பானோடு இறக்கிப் பிரிப்பது. வினையை நடத்துவது பெரும்பாலும் எளிது. கிடைத்த கலவையிலிருந்து வேண்டிய பொருளைத் தூய்மையாக எடுப்பதில்தான் நாள்கணக்கில் நேரம் போகும். ஸ்டாப்காக்கை (குழாயின் அடியிலுள்ள திருகு) திறக்கும் முன்பே பிரிப்பின் முடிவு பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. அதனால் இங்கே தயாரிப்பைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

பழகுவதற்கு ஃபெரோசீன் (இரண்டு கார்பன் வளையங்களுக்கு நடுவே ஓர் இரும்பு அணு அமைந்த சேர்மம்), அசெட்டைல் ஃபெரோசீன் கலவையைப் பரிந்துரைக்கிறேன். ஃபெரோசீனுடன் அசிட்டிக் அன்ஹைட்ரைடும் பாஸ்பாரிக் அமிலமும் சேர்த்துச் சூடாக்கினால் ஒரு வளையத்தில் அசெட்டைல் தொகுதி ஏறும். கொஞ்சம் ஃபெரோசீன் வினைபுரியாமல் மிஞ்சும். ஃபெரோசீன் மஞ்சள், அசெட்டைல் ஃபெரோசீன் சிவப்பு கலந்த ஆரஞ்சு. குழாய்க்குள் நடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்பதால் தொடக்கநிலை மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

1. டிஎல்சி

டிஎல்சி (மெல்லடுக்கு குரோமடோகிராபி) என்பது சிலிகா பூசிய சிறு தகட்டில் செய்யும் முன்னோட்டம். இதைத் தவிர்த்துவிட்டு யாரும் காலம் போடாதீர்கள். தகட்டின் அடியிலிருந்து 1 செ.மீ. உயரத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போடுங்கள். பேனா மை கரைப்பானோடு மேலே ஏறிவிடும், அதனால் பென்சில்தான். ஃபெரோசீன், வினைக்கலவை இரண்டையும் அருகருகே சிறு புள்ளிகளாக வையுங்கள். 9:1 ஹெக்சேன்–எத்தில் அசிட்டேட்டில் ஓட்டினால் ஃபெரோசீன் மேலே ஓடிவிடும். அசெட்டைல் ஃபெரோசீன் வெகு கீழே நிற்கும். அடிக்கோட்டை ஒட்டி இன்னொரு புள்ளி தெரிந்தால் அது இரண்டு வளையங்களிலும் அசெட்டைல் ஏறிய பொருளாக இருக்கலாம்.

காரணம் இதுதான். சிலிகாவின் மேற்பரப்பு முழுக்க ஓஎச் (ஹைட்ராக்சில்) தொகுதிகள். அசெட்டைல் தொகுதியின் கார்பனைல் ஆக்சிஜன் அவற்றோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்கிறது. ஃபெரோசீனுக்கு அப்படிப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை.

பொதுவாக, வேண்டிய பொருளின் ஆர்எஃப் மதிப்பு (புள்ளி ஏறிய தூரத்தைக் கரைப்பான் ஏறிய தூரத்தால் வகுத்த எண்) 0.2 முதல் 0.35 வரை வரும்படி கரைப்பானைத் தேர்ந்தெடுங்கள். 1978-இல் கிளார்க் ஸ்டில் குழுவினர் வெளியிட்ட, வாயு அழுத்தத்தால் கரைப்பானை வேகமாகத் தள்ளும் ஃப்ளாஷ் முறையும் 0.35 என்ற மதிப்பைத்தான் இலக்காக வைத்தது. புள்ளி அதைவிட மேலே ஓடினால் குழாயில் எல்லாம் ஒன்றாகவே இறங்கிவிடும்.

2. குழாயை நிரப்புதல்

அரை கிராம் கலவைக்கு 2 செ.மீ. விட்டமுள்ள குழாயும் 20 கிராம் சிலிகாவும் (துகள் அளவு 100–200 மெஷ்) போதும். சிலிகாத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். எடை போடுவதைக்கூட ஃப்யூம் ஹூட்டுக்குள் செய்யுங்கள், முகக்கவசமும் இருக்கட்டும்.

குழாயின் அடியில் சிறு பஞ்சு, அதன்மேல் அரை செ.மீ. மணல். பஞ்சை இறுக்கி அடைத்தால் ஓட்டம் சொட்டுச் சொட்டாகிவிடும். பீக்கரில் சிலிகாவை ஹெக்சேனோடு கலந்து, தோசை மாவு பதத்துக்குக் கொஞ்சம் நீர்க்கவே வைத்து, குமிழிகள் போகும்வரை கலக்குங்கள். ஸ்டாப்காக்கைத் திறந்து வைத்துவிட்டு, புனல் வழியாக ஒரே மூச்சில் ஊற்றுங்கள். விட்டுவிட்டு ஊற்றினால் அடுக்கடுக்காகப் படியும். ரப்பர் டியூபால் குழாயின் பக்கங்களை மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தால் சிலிகா ஏறக்குறைய 13 செ.மீ. உயரத்துக்குச் சீராக அமரும். கீழே இறங்கும் ஹெக்சேனையே மறுபடி மேலே ஊற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் ஒரு கண்டிப்பான விதி: கரைப்பான் மட்டம் சிலிகாவுக்குக் கீழே போகவே கூடாது. காய்ந்த இடத்தில் விரிசல் விழும், அதன் வழியே பட்டை கோணலாக இறங்கும்.

3. கலவையை ஏற்றுதல்

அசெட்டைல் ஃபெரோசீன் ஹெக்சேனில் அவ்வளவாகக் கரையாது. டைகுளோரோமீத்தேனில் கரைத்து நேரடியாக ஊற்றினால் அந்தக் கரைப்பானே இரண்டு பொருள்களையும் கீழே இழுத்துவிடும். ஆகவே உலர் ஏற்றம்தான் நல்லது. கலவையை டைகுளோரோமீத்தேனில் கரைத்து, ஒன்றரை கிராம் சிலிகா சேர்த்து, ரோட்டாவேப்பில் (வெற்றிடத்தில் சுழற்றிக் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) உலர்ந்த தூளாக்குங்கள். ஃபெரோசீன் எளிதில் பதங்கமாகும் என்பதால் அதிகச் சூடு, நீண்ட நேர வெற்றிடம் இரண்டும் வேண்டாம். தூளைச் சமமாகப் பரப்பி, மேலே கொஞ்சம் மணல் போடுங்கள். கரைப்பானை ஊற்றும்போது மேற்பரப்பு குழியாமல் அந்த மணல் காக்கும்.

4. ஓட்டுதல்

முதலில் வெறும் ஹெக்சேன். மஞ்சள் பட்டை பிரிந்து கிடுகிடுவென இறங்கும். ஆரஞ்சுப் பட்டை மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பார்க்கவே அவ்வளவு அழகு! மஞ்சள் முழுதும் வெளியேறிய பின் எத்தில் அசிட்டேட்டை 2%, 5%, 10% என்று படிப்படியாகக் கூட்டுங்கள். திடீரென்று கூட்டினால் சிலிகாவில் வெப்பம் உண்டாகி, குமிழியும் விரிசலும் வரும்.

டெஸ்ட் டியூபில் 10 மி.லி. வீதம் பிடித்து, எண் எழுதி வையுங்கள். நிறம் தெரிந்தாலும் ஒவ்வொன்றையும் டிஎல்சியில் பாருங்கள். நிறமில்லாத பொருள்களோடு வேலை செய்யும் நாளில் இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். ஒரே புள்ளி காட்டுபவற்றை மட்டும் ஒன்றுசேர்த்து, கரைப்பானை நீக்குங்கள்.

5. சரிபார்த்தல்

ஃபெரோசீன் 172–174 டிகிரி செல்சியஸிலும், அசெட்டைல் ஃபெரோசீன் 81–83 டிகிரி அளவிலும் உருகும். அகச்சிவப்பு நிறமாலையில் 1660 செ.மீ.⁻¹-ஐ ஒட்டிக் கார்பனைல் உச்சி தெரிய வேண்டும். புரோட்டான் என்எம்ஆரில் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலை) 4.2 பிபிஎம் அருகே ஐந்து ஹைட்ரஜனுக்குரிய ஒற்றை உச்சியும், 2.4 அருகே மெத்தில் உச்சியும் வரும். 4.12-இல் நான்காகப் பிளந்த உச்சி ஒன்று அந்தப் பெரிய உச்சியை ஒட்டித் தெரிந்தால், 1.26, 2.05 இரண்டையும் பாருங்கள். அங்கேயும் உச்சிகள் இருந்தால் அது எத்தில் அசிட்டேட். மாதிரியை இன்னும் கொஞ்ச நேரம் வெற்றிடத்தில் உலர்த்திவிட்டு மறுபடி எடை போடுங்கள்.