பிளேட்டோவைக் கிரேக்கத்தில் படிக்கத் தொடங்குபவருக்கு

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் லயன் காம்பராவில் வளர்ந்த நான் இன்று பண்டைய கிரேக்கம் படிப்பிக்கிறேன். இத்துறைக்கு வர விரும்பும் பிள்ளைகளிடம் ஒன்றை மறைக்க மாட்டேன்: பதவிகள் மிகக் குறைவு. அப்படியும் வருவதென்றால், பாடசாலை உயர்தர வகுப்பில் கிரேக்க உரோம நாகரிகப் பாடத்தை எடுங்கள். மொழியை மட்டும் பல்கலைக்கழகம் வரை தள்ளிப்போடாதீர்கள். சுருக்கங்களைப் படித்துத் தத்துவம் பேசுபவர் பிறர் கண்ணால் பார்ப்பவர்.

எழுத்துகள் 24, ஒரு வாரம் போதும். வேற்றுமைகள் ஐந்துதான். எட்டு வேற்றுமைகளைப் பாடமாக்கிய தமிழ்ப் பிள்ளைக்கு இது மலைப்பே அல்ல. பிறகு, சோக்கிரட்டீஸ் நீதிமன்றத்தில் தன் தரப்பைப் பேசுவதாகப் பிளேட்டோ எழுதிய 'அப்போலஜி'யின் முதல் வாக்கியத்தை எடுங்கள். பெர்சியஸ் மின்னூலகத்தில் மூலமும் அகராதியும் இலவசம். கொப்பியில் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதி, வினைச்சொல்லை முதலில் தேடுங்கள். முதற்பகுதி 'ஊக் ஒய்டா' என்று முடியும்: 'அறியேன்'. 'ஒய்டா'வுக்குள் 'நான்' அடங்கியிருப்பதுபோல 'அறியேன்' என்பதிலும் அடங்கியிருக்கிறது. அடுத்து 'மென்', 'டே' என்ற இரு இடைச்சொற்கள். முதலாம் ஆண்டில் இவற்றைப் பொருளற்ற அசைகள் என்று விட்டுவிட்டேன்; பெரும் தவறு. ஏதென்ஸ் மக்களையும் தன்னையும் எதிரெதிரே நிறுத்த சோக்கிரட்டீஸ் பிடித்த பிடியே அவைதாம். தமிழில் அந்த வேலையை ஓகாரம் செய்யும்: 'குற்றஞ்சாட்டியவர்களின் பேச்சு உங்களை என்ன செய்ததோ, அறியேன், நானோ என்னையே மறக்கப் பார்த்தேன்.'

மேற்கோளுக்கு உங்கள் கையிலுள்ள பதிப்பின் பக்க எண் போடாதீர்கள். 1578இல் ஸ்டெஃபானஸ் என்ற அச்சகர் வெளியிட்ட பிளேட்டோ பதிப்பின் எண்களையே உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். இந்த வாக்கியம் 17ஏ, அதாவது அந்தப் பதிப்பின் 17ஆம் பக்கத்தில் 'ஏ' பகுதி. ஆய்வுக்கட்டுரை எழுதும் காலத்தில் ஜெர்மனும் பிரெஞ்சும் ஓரளவு வேண்டும். அதற்கு இப்போது அவசரமில்லை.

மொழிபெயர்த்ததும், தத்துவம் படிக்காத ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். விடுமுறையில் வீடு போயிருந்தேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மா, கூடையை இறக்கிவைத்து அந்த வாக்கியத்தைக் கேட்டார். "முதல் தடவை கோட்டுக்குப் போன மனுஷர் போலப் பேசுகிறாரே" என்றார். வழக்கைப் பற்றி நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கொப்பியை எடுத்து அடுத்த பக்கத்தைக் காட்டினேன். 17டி: எழுபது வயதாகிவிட்டது, நீதிமன்றம் ஏறுவது இதுவே முதல் முறை என்று சோக்கிரட்டீஸே சொல்லும் இடம்.