ஜப்பான் கேம் பெட்டியைப் புது டிவியில் ஓட்டுவது

முதலில் கரண்ட், பிறகுதான் படம். ஜப்பானிலிருந்து வரும் சூப்பர் ஃபாமிகாம், மெகா டிரைவ், முதல் பிளேஸ்டேஷன் எல்லாம் 100 வோல்ட்டுக்குச் செய்தவை. இலங்கையில் நம் வீட்டுச் சுவரில் வருவது 230. தட்டையான இரண்டு முள் பிளக்கை நம் பிளக் பொயின்டில் செருக ஒரு சின்ன மாற்றி கடைகளில் கிடைக்கும். அது வடிவத்தை மட்டும் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. அதை நம்பிச் செருகினால் பெட்டி அந்த நொடியே கருகலாம்.

பிளேஸ்டேஷனுக்குப் பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது. ஆகவே 230ஐ 100ஆக இறக்கும் டிரான்ஸ்ஃபோமர் கட்டாயம் வேண்டும். 100 வாட் தாங்குவது தாராளம். 110 என்று எழுதியதை விட்டு 100 என்று எழுதியதைத் தேடுங்கள். டிரான்ஸ்ஃபோமர் வோல்ட்டைச் சீராக்காது, விகிதப்படி இறக்க மட்டுமே செய்யும். மாலையில் லயத்து லைனில் கரண்ட் 190க்கு விழுந்தால் பெட்டிக்குப் போவது ஏறக்குறைய 83தான். ஆட்டத்தின் நடுவே பெட்டி தானாக நின்று மறுபடி தொடங்கினால் முதலில் மல்டிமீட்டரால் சுவரை அளந்து பாருங்கள். குறைவு அதுதான் என்றால் முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் போதும்.

சூப்பர் ஃபாமிகாமுக்கும் மெகா டிரைவுக்கும் அடாப்டர் வெளியே இருப்பதால் டிரான்ஸ்ஃபோமர் வேண்டாம். இங்கேயே 230 வோல்ட் அடாப்டர் வாங்கலாம். சூப்பர் ஃபாமிகாமுக்கு 9 அல்லது 10 வோல்ட் டிசி, குறைந்தது 1 ஆம்பியர், பிளக்கின் நடுத்துளை மைனஸ். மெகா டிரைவ் முதல் மாடலுக்கு 9 வோல்ட், 1.2 ஆம்பியருக்குக் குறையாமல், அதுவும் நடு மைனஸ். இரண்டாம் மாடலில் நடு பிளஸ், பிளக்கும் வேறு. வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட், நடு பிளஸ். கை அதற்குப் போகவே கூடாது. என்இஎஸ் என்ற அமெரிக்க கேம் பெட்டியின் அடாப்டர் இன்னும் ஆபத்து: துளையில் சரியாகப் பொருந்தும், ஆனால் டிசிக்குப் பதில் ஏசி கொடுக்கும். செருகுமுன் மீட்டரின் சிவப்பு முனையை நடுவிலும் கறுப்பை வெளிப்புறத்திலும் வையுங்கள். நடு மைனஸ் என்றால் எண்ணுக்கு முன் கழித்தல் குறி வரும்.

இனிப் படம். 1983இல் வந்த முதல் ஃபாமிகாமில் ஆன்டெனா வழி மட்டுமே உண்டு. அது அனுப்பும் ஜப்பான் சேனல் 1, 2 நம் டிவியில் சிக்காது. சிக்கினாலும் ஒலி இடைவெளி அங்கே 4.5 மெகாஹெர்ட்ஸ், இங்கே 5.5 என்பதால் சத்தம் சரிவராது. அதற்கு ஏவி (படமும் சத்தமும் தனித்தனி வயரில் போகும் முறை) வெளியீடு போட்டுக்கொள்ள வேண்டும், அல்லது 1993இன் ஏவி ஃபாமிகாமை வாங்க வேண்டும்.

மற்றவற்றுக்கு மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி வயர் போதும். புது டிவிகளில் மஞ்சள் துளை தனியாக இல்லாவிட்டால் பச்சைத் துளையில் ஏவி என்றும் எழுதியிருக்கும். மஞ்சளை அங்கே செருகுங்கள். ஒரே ஒரு 3.5 மில்லிமீட்டர் துளை இருந்தால் அந்த டிவிக்கான வயரே வேண்டும், ஏனென்றால் உள்ளிணைப்பு ஒவ்வொன்றிலும் வேறு. படம் வராமல் ஸ்பீக்கரில் உறுமல் மட்டும் கேட்டால் மஞ்சளை மற்ற இரண்டிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் மெனுவில் கலர் சிஸ்டத்தை ஆட்டோ அல்லது ஜப்பான் முறையான என்டிஎஸ்சி ஆக்குங்கள்.

ஏவி துளையே இல்லாத டிவிக்கு ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் பெட்டி. எதிர்த் திசையில் மாற்றுவதும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். இன்புட் பக்கம் ஏவி என்று இருக்கிறதா என வாசித்து வாங்குங்கள். மலிவான பெட்டிகளில் ஒரு குறை உண்டு. பழைய ஆட்டங்கள் அனுப்புவது முழுதான 240 வரிப் படம். பெட்டி அதை 480 வரியின் பாதி என்று எண்ணி அடுத்த பாதியோடு கலக்கப் பார்க்கும். அதனால்தான் ஓடும் உருவத்தின் ஓரம் சீப்புப் பல்லாகக் கிழிகிறது, பட்டன் அழுத்தியதும் தாமதமாகக் கேட்கிறது. ரெட்ரோடிங்க் 2எக்ஸ் என்ற மாற்றும் பெட்டி 240ஐச் சரியாக அறிந்து வரிகளை இரட்டிப்பாக்கும். விலை அதிகம், ஆனால் குதிக்க வேண்டிய நொடி முக்கியமான ஆட்டங்களுக்கு அதுதான் சரி. எதுவானாலும் டிவியில் கேம் மோடைப் போட்டு, படத்தை 4:3க்கு மாற்றுங்கள்.

நுவரெலியா, தலவாக்கலை ஈரத்தில் கேசட்டின் தொடுமுனைகள் கறுத்துப்போகும். வாயால் ஊதினால் மேலும் ஈரம்தான் சேரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, காய்ந்தபின் செருகுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி இடிக்கும் என்பதால் ஆடி முடித்ததும் பிளக்கையும், டிவியின் டிஷ் வயரையும் கழற்றி வையுங்கள். மின்னல் அந்த வயர் வழியாகவும் எச்டிஎம்ஐ வரை வரும்.